ஒன்றரை மணிப் பூஜ்யம்

1

என் மேசையில் உள்ளங்கை அகலத்தில் ஒரு கண்ணாடிப் பலகை நிற்கிறது. ‘சேவைத் தரத்தில் சிறந்த முன்னேற்றம்’ என்று அதில் ஆங்கிலத்தில் செதுக்கி, கீழே எங்கள் அணியின் பெயரைப் போட்டிருக்கிறார்கள். கோபன்ஹேகனில் இருக்கும் என் வீட்டுக்கு அது வந்து இன்றோடு ஒரு வருடம். கண்ணில் படும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது. தூக்கிச் சுவரில் அடித்திருப்பேன். சில்லுகளை நான்தான் பொறுக்க வேண்டும் என்பதால் விட்டுவைத்திருக்கிறேன்.

பொறுக்கினாலும் எங்கே போடுவது? இந்த ஊரில் குப்பைக்குச் சட்டம் அதிகம். பாட்டில் கண்ணாடிக்கு ஒரு தொட்டி, ஜன்னல் கண்ணாடிக்கு வேறு இடம், பீங்கான் இரண்டிலும் சேராது. விருதுக் கண்ணாடி எதில் சேரும் என்று நகராட்சிக்கு எழுதிக் கேட்டேன். உங்கள் கேள்வி கிடைத்தது, உரிய பிரிவுக்கு அனுப்பியிருக்கிறோம் என்று பதில் வந்தது. அதோடு சரி.

மந்தைவெளியில் இருக்கும் என் சொந்தக்காரர்கள் போனில் பேசும்போது, “உனக்கென்னம்மா, டென்மார்க்குல ஜம்முனு இருக்க” என்றுதான் ஆரம்பிப்பார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஜம்மென்று இருக்கிறவளுக்கு மூன்று வாரமாக ஏன் சோறு இறங்கவில்லை, யார்மேல் இவ்வளவு ஆத்திரம் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

2

நான் பார்க்கும் வேலை என்ன என்று ஊரில் யாருக்கும் நான் சொல்லிப் புரியவைத்ததில்லை. ‘ஏதோ கம்ப்யூட்டர்’ என்று விட்டுவிடுவார்கள். நானும் விட்டுவிடுவேன். இன்றைக்கு விடுவதாக இல்லை.

இங்கே ஒரு வங்கி. அதன் கணக்குவழக்கு முழுவதும் மெயின்ஃப்ரேம் என்கிற பெரிய கம்ப்யூட்டரில் ஓடுகிறது. யாராவது கடையில் கார்டைத் தேய்த்தாலும், ஒரு கம்பெனி சம்பளம் போட்டாலும் அதில் போய்த்தான் விழும். அதை ஓட்டிப் பார்த்துக்கொள்ளும் ஒப்பந்தம் எங்கள் சென்னைக் கம்பெனியிடம் இருக்கிறது. தி.நகரில் உஸ்மான் ரோடுக்குப் பின்னால் ஒரு மூன்றாவது மாடியில் உட்கார்ந்து ஷிஃப்ட் போட்டுப் பார்க்கிறார்கள். நான் வங்கிக்காரர்களுக்கும் அவர்களுக்கும் நடுவில் நிற்கிறவள். இரண்டு பக்கமும் திட்டு வாங்குவதற்குச் சம்பளம்.

மயிலாப்பூரில் மதியச் சாப்பாடு போடும் மெஸ் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். வாசலில் நிற்பவர் மனதுக்குள் மூன்று கணக்கு வைத்திருப்பார். மொத்தம் எத்தனை பேர் வந்தார்கள்? ஒரே நேரத்தில் அதிகபட்சம் எத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள்? எத்தனை முறை ‘இடமில்ல சார், கொஞ்சம் நில்லுங்க’ என்று சொல்ல வேண்டிவந்தது? மெயின்ஃப்ரேமும் இதே கணக்கைத்தான் வைக்கிறது. ஒரே நேரத்தில் இத்தனை வேலைகளைத்தான் உள்ளே விடலாம் என்று அதற்கு ஒரு வரம்பு உண்டு. நிறைந்துவிட்டால் மீதி வெளியே நிற்கும். ஒன்பது, பன்னிரண்டு, மூன்று என்று மூன்று மணிக்கு ஒரு தடவை அது தன் கணக்கைக் கோப்பில் எழுதிவிட்டு, மறுபடி முதலிலிருந்து எண்ண ஆரம்பிக்கும். எழுதியது வங்கிக்காரர்களின் திரைக்குத் தானாகப் போய்விடும்.

நடுவில் மனிதர்களும் கட்டளை கொடுக்கலாம். எழுதிவைத்துவிட்டுப் பூஜ்யமாக்கு என்பது ஒரு கட்டளை. எழுதாமலே பூஜ்யமாக்கு என்பது இன்னொன்று. இரண்டாவதைச் சோதனை செய்து பார்க்கிறவர்களுக்காக வைத்திருக்கிறார்கள். எங்கள் ஆட்கள் பழகிக்கொண்டது இரண்டாவதை.

3

அதில் கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது, அதையும் சொல்லிவிடுகிறேன். தி.நகரில் ஷிஃப்ட் மாறும்போது, போகிறவர் எண்களைப் பூஜ்யமாக்கிவிட்டு எழுந்திருப்பது வழக்கம். யார் நேரத்தில் கூட்டம் நிறைந்தது என்று ஒரு காலத்தில் இரண்டு ஷிஃப்ட்டுக்கு நடுவில் பெரிய சண்டை வந்ததாம். அன்றிலிருந்து, ‘சுத்தமா பெருக்கிக் குடுத்துட்டுப் போ’ என்று ஆகிவிட்டது. சாப்பிட்டு எழுந்தவர் தன் இலையைத் தானே எடுக்கிற மாதிரி. ‘பெருக்கியாச்சா?’ என்றுதான் கேட்பார்கள். வருகிறவர் பூஜ்யத்தைப் பார்த்தபிறகுதான் நாற்காலியில் உட்காருவார்.

சென்னையில் மதிய ஷிஃப்ட் மாறுவது ஒன்றரை மணிக்கு. இங்கே குளிர்காலத்தில் அது காலை ஒன்பது. கோடையில் இந்த நாட்டுக்காரர்கள் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளி வைத்துக்கொள்வதால் அதே ஒன்றரை இங்கே பத்து. எங்கள் வங்கிக்கு ஒன்பதிலிருந்து பத்துவரைதான் தேர்த்திருவிழாக் கூட்டம். குளிர்காலத்தில் அந்தக் கூட்டம் கணக்கில் விழும். கோடையில் பத்து மணிக்கு சென்னை பெருக்கித் தள்ளிவிடும். பன்னிரண்டு மணிக்குக் கம்ப்யூட்டர் எழுதும்போது, காலியான மெஸ்ஸில் நாலு பேர் மோர் குடித்துக்கொண்டிருந்த கதைதான் அதில் இருக்கும்.

போன வருட ஆரம்பத்தில், குளிர்காலத்தில், ‘இடமில்லை’ எண்ணிக்கை ஏறியது. வரம்பை உயர்த்த வேண்டும் என்று, கம்ப்யூட்டரில் எதை மாற்றவும் அனுமதி தரவேண்டிய வங்கியின் மாற்றக் குழுவுக்கு நான் விண்ணப்பம் போட்டேன். இங்கே குழு கூடி, யோசித்து, அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி, ஈஸ்டர் விடுமுறைக்குப் போய்விட்டு வருவதற்குள் கோடை வந்துவிட்டது. அறிக்கை பளிங்காக இருந்தது. பிரச்சினை தானாகத் தீர்ந்துவிட்டது என்று எழுதி விண்ணப்பத்தை மூடினார்கள். நானும் நம்பினேன்.

சென்னையில் எங்கள் மேலாளர் பிரசாத் சும்மா இருப்பாரா? கீழே இறங்கும் கோட்டைப் பெரிதாகப் படம் போட்டு, தன் அணியின் அயராத உழைப்பால் நெரிசல் குறைந்தது என்று மேடையேறிப் பேசினார். கைதட்டினார்கள். கண்ணாடிப் பலகை கொடுத்தார்கள். எனக்கும் ஒன்று கூரியரில் வந்தது. அடுத்த குளிர்காலத்தில் எண்ணிக்கை மறுபடி ஏறியபோது, போன தடவைபோலக் கோடையில் தானாக இறங்கிவிடும் என்று யாரும் அசையவில்லை.

4

போன மாதக் கடைசியில் சம்பள நாளன்று மெஸ் நிறைந்தது. வெளியே நின்றவர்கள் உள்ளே போகவே இல்லை.

எனக்கு முதலில் சொன்னது என் மகள் அகிலா. பதினோராம் வகுப்பு படிக்கிறாள். டேனிஷில் அம்மாவுக்கு ‘மோர்’ என்று பெயர். சாதாரண நேரத்தில் அம்மா என்பாள், எரிச்சல் வந்தால் மோர் ஆகிவிடுவேன். அன்றைக்குப் பள்ளிக்கூடத்துப் பக்கத்து பேக்கரியிலிருந்து போன் செய்து, “மோர், என் கார்டு வேலை செய்யல, பின்னாடி எல்லாரும் நிக்கறாங்க, அசிங்கமா இருக்கு” என்று டேனிஷில் கத்தினாள். அவள் கார்டு மட்டும் இல்லை, அந்த வங்கிக் கார்டு வைத்திருந்த ஊரே நின்றுகொண்டிருந்தது. பதினொன்றரைக்கு மேல்தான் எல்லாவற்றையும் நிறுத்தி மறுபடி ஓடவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் நூர் கூப்பிட்டாள்.

நூர்ஜஹானும் நானும் ஒரே நாளில் அந்த மூன்றாவது மாடியில் பயிற்சிக்குச் சேர்ந்தவர்கள். அவளுக்கு ராயப்பேட்டை. அவள் அப்பாவுக்கு அங்கே சோபா தைக்கும் பட்டறை இருந்தது. வீட்டில் உருது, வெளியில் மெட்ராஸ் பாஷை, ஆபீசில் எங்கள் எல்லோரையும்விட நல்ல ஆங்கிலம். எனக்கு வெளிநாட்டு வாய்ப்பு வந்தது, அவளுக்கு வரவில்லை. விசா வரிசையில் ஒவ்வொரு தடவையும் அவளுக்கு முன்னால் யாராவது ஒருவரை நுழைத்துவிடுவார்கள். அவள் அங்கேயே காலை ஷிஃப்ட்டில் மூத்தவளாக உட்கார்ந்துவிட்டாள். இப்போது அவள் வீட்டில் சம்பளம் வாங்கும் ஒரே ஆள் அவள்தான்.

“கலா, இன்னாடி ஆச்சு அங்க? இங்க பிரசாத் மூஞ்சி செவந்து போய்க்கினு சுத்தறான். எவன் கேட்டாலும், மத்தியானம் நான் பெருக்கினேன்னு சொல்லணுமாம், அத மட்டும் சொல்லணுமாம்.”

“எதப் பெருக்கின? என்ன சொல்ற நீ?”

அப்போதுதான் ஒன்றரை மணிக் கதை முழுவதும் எனக்குத் தெரிந்தது. கோடையில் பத்து மணியும் ஒன்றரை மணியும் மோதிக்கொள்வதை இரண்டு வருடம் முன்பே அவள் கண்டுபிடித்துவிட்டாள். பிரசாத்திடம் போய்ச் சொல்லியும் இருக்கிறாள். கேன்டீனில், காபி டம்ளரோடு.

“இன்னா சொன்னான் தெரியுமா? ‘ஓடற வண்டிய எதுக்கு நூர் நிறுத்தணும்? நம்ம ரிப்போர்ட்டும் நல்லாத்தான கீது, அப்படியே விடு’ன்னான். எழுதிக் குடுங்கன்னு கேட்டேன். சிரிச்சுக்கினே போயிட்டான்.”

“என்கிட்ட ஏன்டி சொல்லல?”

“நீ அங்க வெள்ளக்காரனோட உக்காந்துக்கினு இருக்க. உன்கிட்ட சொன்னா அவன்கிட்ட சொன்ன மாதிரிதான்னு நெனச்சேன். தப்பா?”



5

மறுநாள் பிரசாத்தே கூப்பிட்டார். குரலில் வெண்ணெய் வழிந்தது.

“கலா, நல்லாருக்கீங்களா? பொண்ணு எப்படி இருக்கா? இங்க பாருங்க, கஸ்டமர் ஒரே கேள்விதான் கேக்கறான். கூட்டம் நிறையுதுன்னு முன்னாடியே ஏன் எச்சரிக்கலன்னு. நாம சிம்பிளா சொல்லிடுவோம். அன்னிக்கு ஒரு ஆபரேட்டர் தவறுதலா எண்கள அழிச்சிட்டாங்க, அதனால தெரியல. மனிதத் தவறு. பயிற்சி குடுக்கறோம். முடிஞ்சுது.”

“அன்னிக்கு மட்டுமா? தினமும்தானே அழிக்கறாங்க?”

“அதெல்லாம் இப்ப எதுக்கு?”

“நூர் உங்ககிட்ட ரெண்டு வருஷம் முன்னாடியே சொன்னாளே.”

“எனக்கு ஞாபகம் இல்லையே” என்றார். “கலா, இத எமோஷனலா எடுத்துக்காதீங்க. நூரை இந்த புராஜெக்ட்லேருந்து எடுத்து பெஞ்ச்ல வைக்கப் போறோம். கொஞ்ச நாள். அப்புறம் பாத்துக்கலாம்.”

பெஞ்ச் என்றால் பள்ளிக்கூட பெஞ்ச் இல்லை. எங்கள் தொழிலில், வேலை ஒன்றும் கொடுக்காமல் உட்காரவைத்திருப்பதற்கு அதுதான் பெயர். இருபத்தைந்து வயதுப் பையன் பெஞ்சிலிருந்து எழுந்து வேறு வேலைக்குப் போய்விடுவான். நாற்பதைத் தாண்டிய மெயின்ஃப்ரேம்காரி உட்கார்ந்தால், சில மாதத்தில் மனிதவளத்துறையிலிருந்து இனிப்பாக ஒருத்தி வந்து, நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டால் கௌரவமாக இருக்கும் என்பாள். பிரசாத்துக்கும் இது தெரியும். தெரிந்துதான் ‘பாத்துக்கலாம்’ என்கிறார். ஒருத்தியின் அடுப்பில் தண்ணீரை ஊற்றிவிட்டு இந்த மனுஷன் என் பொண்ணு எப்படி இருக்கா என்று விசாரிக்கிறார்!

போனை வைத்துவிட்டு அடுக்களையில் பாத்திரத்தைப் போட்டு உருட்டினேன். அகிலா ஹெட்போனைக் கழற்றிவிட்டு என்ன என்று கேட்டாள். சொன்னேன்.

“இதுல என்னம்மா இருக்கு? மீட்டிங்ல உண்மையச் சொல்லிடு. இங்க எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க.”

பாதி டேனிஷ், பாதி தமிழ். இந்த ஊரில் வளர்ந்த பிள்ளைக்கு உண்மை என்பது வாயைத் திறந்தால் வரும் சாமான். எனக்கும் அன்றைக்கு அது சுலபமாகத்தான் தெரிந்தது.

6

விசாரணைக் கூட்டம் காணொளியில் நடந்தது. வங்கியின் பக்கம் ஹென்ரிக் என்கிற பெரியவர். அதிகம் பேசமாட்டார், சிரிக்கவும் மாட்டார், எழுதிக்கொண்டே இருப்பார். சென்னையிலிருந்து பிரசாத், பக்கத்துச் சதுரத்தில் நூர். வெளிர்நீலத் துப்பட்டாவைத் தலையில் நன்றாக இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

பிரசாத் தன் பாட்டைப் பாடி முடித்தார். ஆபரேட்டர், தவறுதல், பயிற்சி. இருபது வருட அனுபவக்காரியை ஆபரேட்டர் என்றார். பெயரைக்கூடச் சொல்லவில்லை. நான் மைக்கைத் திறந்தேன்.

“இது ஒருநாள் தவறு இல்லை. தினமும் நடக்கிறது. பிரசாத்துக்குத் தெரியும். அப்படியே விடச் சொன்னதே அவர்தான்.”

ஆங்கிலத்தில் சொன்னேன், குரல் நடுங்காமல் சொன்னேன். சொல்லி முடித்தபோது நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது. ஹென்ரிக் பேனாவை நிறுத்தினார். நூர் இருந்த சதுரத்தைப் பார்த்துக் கேட்டார், “உங்களை யாராவது அழிக்கச் சொன்னார்களா?”

நூர் நிமிர்ந்து கேமராவைப் பார்த்தாள்.

“இல்லை. யாரும் சொல்லவில்லை. நானாகத்தான் செய்தேன்.”

ஹென்ரிக் எழுதிக்கொண்டார். பிரசாத் என்னைப் பார்த்து, பாவம் என்பதுபோல் தலையை ஆட்டினார். நான் பொய்க்காரி ஆகிப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

7

கூட்டம் முடிந்ததும் நானே கூப்பிட்டேன். ஹலோகூடச் சொல்லவில்லை.

“உனக்குப் பைத்தியமாடி? உனக்காகத்தானே பேசினேன்! என்னை நடுத்தெருவுல நிக்கவச்சுட்டியே!”

“யாரு உன்ன பேசச் சொன்னது?”

அவள் என்னைவிடக் கோபமாக இருந்தாள். அது எனக்கு உறைக்கவே கொஞ்ச நேரம் ஆனது.

“என்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா நீ? ‘நூரு, இப்படிச் சொல்லப் போறேன்’னு கேட்டியா? அங்கருந்துக்கினு வீரமா பேசிட்ட. உனக்கு இன்னா ஆவும்? ஒண்ணும் ஆவாது. நாளைக்கு அவன்கூட அதே லிஃப்ட்ல ஏறப்போறது நானு. நாளைக்கு எங்கயாவது வேலை கேட்டா, இவ எப்படின்னு அவனுக்குத்தான் போன் பண்ணுவாங்க. அவன் இன்னா சொல்லுவான்? சண்டக்காரின்னு சொல்லுவான். ‘நானே செஞ்சேன்’ன்னா வெறும் தப்பு பண்ணவ. ‘அவர் சொன்னாரு’ன்னா காட்டிக்குடுத்தவ. எது பெட்டர், நீயே சொல்லு.”

“அப்ப அவன் தப்பிச்சுக்கட்டுமா?”

“உன் வார்த்தைக்கு எதிர் வார்த்த அவன்கிட்ட கீது. நீ ஒண்ணு சொன்னா அவன் ஒண்ணு சொல்லுவான். சொல்லிக்கினே இருப்பீங்க.” மூச்சு வாங்கினாள். “போடி. டேனிஷ்காரி ஆயிட்ட நீ.”

வைத்துவிட்டாள். பயிற்சிக் காலத்தில் நானும் அவளும் ஒரே டிபன் டப்பாவில் சாப்பிட்டிருக்கிறோம், ஒரே தவறுக்கு இரண்டு பேரும் திட்டு வாங்கி, பனகல் பார்க் பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு பேரும் அழுதிருக்கிறோம். அவள் என்னை ஒரு நாட்டின் பெயரைச் சொல்லித் திட்டியது இதுதான் முதல் தடவை.

8

இந்த நாட்டுக்கு வந்தபோது எனக்கும் ஒருமுறை எல்லாவற்றையும் பூஜ்யமாக்கினார்கள். பாண்டி பஜாரில் பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் நடுவில் ஸ்கூட்டர் ஓட்டியவள் நான். எங்கள் லைசென்ஸ் இங்கே செல்லாது என்று, முதலிலிருந்து வகுப்புக்கு அனுப்பினார்கள். ஐம்பது, எழுபது, தொண்ணூறு மூன்றும் இவர்கள் மொழியில் ‘ஹல்’ என்றே ஆரம்பிக்கும். கடையில் தொண்ணூறு கேட்டவர்களிடம் ஐம்பதை நீட்டி முழித்திருக்கிறேன், எண்களே சோறு போடுகிற வேலையில் இருந்துகொண்டு. அதற்கெல்லாம் எனக்குப் பெரிய கோபம் இல்லை. பூஜ்யமாக்கட்டும். என்னுடையதை எங்கேயும் எழுதிவைக்காமல் பூஜ்யமாக்கினார்களே, அதுதான் ஆத்திரம். நான் மந்தைவெளியில் யாராக இருந்தேன் என்று இங்கே எந்தத் திரையிலும் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தக் கம்ப்யூட்டரில் பூஜ்யமாக்கினாலும் ஒரு கணக்கு பூஜ்யத்துக்குப் போகாது. அதிகபட்சம் எத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள் என்ற கணக்கு, அந்த நிமிடம் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்களோ அந்த எண்ணில் வந்து நிற்கும். இலை போட்டு உட்கார்ந்திருப்பவரை இல்லை என்று சொல்ல அதற்கும் மனசு வராது. மனிதர்கள்தான் சொல்வார்கள்.

விசாரணை அறிக்கை வந்தது. அதிலும் ‘ஆபரேட்டர்’ என்றே இருந்தது. ஒருநாள் நடந்த மனிதத் தவறு, சம்பந்தப்பட்டவர் மாற்றப்படுவார். சரி, தினமும் ஒன்றரைக்குப் பெருக்குகிறார்களே, அதை நிறுத்துங்கள் என்று மாற்றக் குழுவுக்கு விண்ணப்பம் போட்டேன். எழுதாமல் அழிக்கும் கட்டளையையே பூட்டிவிடலாம், வேலை மிகச் சின்னது. திருப்பி அனுப்பினார்கள். அப்படி ஒரு வழக்கம் இருப்பதாக எந்த அறிக்கையிலும் இல்லை, இல்லாத வழக்கத்தை நிறுத்த அனுமதி தர முடியாது என்றார்கள். டேனிஷில் எழுதிய அந்தப் பதிலை நாலு தடவை படித்தேன், நான்தான் தப்பாகப் புரிந்துகொண்டேனோ என்று. சரியாகத்தான் புரிந்திருந்தது. சென்னையில் தொடர்ந்து பெருக்கிக்கொண்டே இருந்தார்கள், அறிக்கை பளிங்காக வந்துகொண்டே இருந்தது. நூரை மட்டும் மாற்றுவார்கள்.

9

இன்றைக்கு வெள்ளிக்கிழமை. நூருக்கு அந்த மூன்றாவது மாடியில் கடைசி ஷிஃப்ட். திங்கட்கிழமையிலிருந்து பெஞ்ச்.

சண்டைக்குப் பிறகு நாங்கள் பேசவே இல்லை. காலையில் வீட்டிலிருந்தே வேலைக்கு உட்கார்ந்து, அந்த மூன்று எண்களையும் திரையில் திறந்து வைத்துக்கொண்டேன். அவள் கடைசியாகப் பெருக்குவதைப் பார்த்துவிட்டாவது அழலாம் என்று நினைத்தேன்.

ஒன்பதிலிருந்து எண்கள் ஏறின. இன்றைக்குச் சம்பள நாள்கூட இல்லை. சாதாரண வெள்ளிக்கிழமை. அதற்கே உட்காரும் கணக்கு வரம்பைத் தொட்டது, ‘இடமில்லை’ கணக்கு ஓட ஆரம்பித்தது. பத்து மணி ஆனது. பூஜ்யத்துக்காகக் காத்திருந்தேன்.

எண்கள் அப்படியே இருந்தன.

நெட்வொர்க் போய்விட்டதோ என்று திரையைப் புதுப்பித்தேன். எண் ஒன்றிரண்டு ஏறியிருந்தது, அவ்வளவுதான். பத்தேகால், பத்தரை. சென்னையில் இரண்டு மணி. ஷிஃப்ட் மாறியிருக்க வேண்டும். யாரும் கை வைக்கவில்லை. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தேன். மத்தியானம் பன்னிரண்டுக்குக் கம்ப்யூட்டர் தன் வேலையைத் தான் செய்தது. ஒன்பதிலிருந்து நடந்த எல்லாவற்றையும் எழுதி, வங்கியின் திரைக்கு அனுப்பியது. இந்தக் கோடையில் முதல் தடவையாக.

பத்து நிமிடத்தில் ஹென்ரிக் போன் செய்தார். எப்போதும் மெதுவாகப் பேசுகிறவர் இன்று வேகமாகப் பேசினார்.

“இன்றைக்கு என்ன ஆனது? ஒரு சாதாரண வெள்ளிக்கிழமை இப்படியா?”

“எல்லா வெள்ளிக்கிழமையும் இப்படித்தான். இன்றைக்கு அழிக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.”

காகிதம் புரளும் சத்தம் கேட்டது. பிறகு, “அன்றைக்கு நீங்கள் கூட்டத்தில் சொன்னீர்களே” என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார். கடைசியில், “இன்று ஷிஃப்ட்டில் இருந்தது யார்?” என்றார்.

நூர் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினேன்.

“ஐந்து நிமிடம் கொடுங்கள். திருப்பி அழைக்கிறேன்.”

அதற்குள் பிரசாத்தின் பெயர் என் போனில் மின்னிக்கொண்டே இருந்தது. மின்னட்டும் என்று விட்டுவிட்டு நூரை அழைத்தேன். முதல் மணியிலேயே எடுத்தாள். பின்னால் உஸ்மான் ரோடே ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

“இன்னா, பாத்தியா?”

“பாத்தேன்டி.”

“மதிய ஷிஃப்ட்டுக்கு சங்கீதா வந்தா. ‘அக்கா, பெருக்க மறந்துட்டீங்க’ன்னா. மறக்கல, இன்னிக்கு நான் பெருக்கலன்னேன். அவ கை கீபோர்டு வரைக்கும் போச்சு. என் மூஞ்சியப் பாத்தா. எடுத்துட்டா.” சிரித்தாள். அந்தச் சிரிப்பு பாதியில் உடைந்தது. “திங்கக்கெழமலேர்ந்து பெஞ்ச்சு. இதுக்கு மேல எனக்கு இன்னா பயம்? நம்பர எவனும் எதிர்த்துப் பேச முடியாது கலா. அவனால முடியுமா பாக்கலாம்.”

அழுதால் திட்டுவாள் என்று அடக்கிக்கொண்டேன்.

“நூரு, ஹென்ரிக் கேக்கறாரு. ஷிஃப்ட்ல யாருன்னு. உன் பேரைச் சொல்லட்டுமா? நீ வேணாம்னா சொல்லமாட்டேன்.”

அந்தப் பக்கம் பஸ் ஒன்று உறுமிக்கொண்டு போனது. கண்டக்டர் விசில் ஊதினார். நான் அவசரப்படுத்தவில்லை.

“இப்ப கேட்ட பாரு,” என்றாள். “சொல்லு. முழுப் பேரா சொல்லு. நூர்னு மொட்டையா சொல்லாத. ஆபரேட்டர்னு எழுதினா அத அடிச்சுட்டு எழுதச் சொல்லு.”

திங்கட்கிழமை என்ன நடக்கும் என்று இதை எழுதும் இந்த நிமிடம்வரை எனக்குத் தெரியாது. பிரசாத் இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

ஹென்ரிக்கைத் திருப்பி அழைத்தேன். பேனா இருக்கிறதா என்று கேட்டேன். நூர்ஜஹான் என்று சொல்லி, ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். அவர் திரும்ப வாசித்துக் காட்டியதில் நடுவில் ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தது.

“இல்லை,” என்றேன். “முதலிலிருந்து எழுதுங்கள்.”